ஐம்பது காசும் ஐம்பது சதமும்



லெம்பா பெர்த்தாம் தோட்டத்தில் ஒரு மாலை நேரம். பனி இறங்கத் தொடங்கிவிட்டது. லயத்து வாசலில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் எங்களை அழைத்து ஒரு கேள்வி கேட்டார். அவருடைய தந்தை வழி உறவினர் தமிழ்நாட்டில் துறையூர்ப் பக்கம் இருக்கிறார்கள். தாயின் தங்கை குடும்பம் ஒரு காலத்தில் இலங்கை மலையகத்துக்குப் போனது. இவர்கள் மட்டும் மலாயாவுக்கு வந்தார்கள். "வாத்தியாரையா, ஒரே ஊர்லேர்ந்து மூணு பக்கமாப் போனோம். எங்க போனவங்க நல்லா இருந்தாங்க? நீங்க படிச்சவங்க, கணக்குப் போட்டுச் சொல்லுங்க" என்றார்.

அந்த அம்மையார் கேட்டது சிறிய கேள்வி அன்று. ஒரு நாட்டு மக்களின் வருமானத்தை மற்றொரு நாட்டு மக்களின் வருமானத்தோடு எப்படி ஒப்பிடுவது, அந்த வேறுபாடு காலப்போக்கில் வளர்ந்ததா, குறைந்ததா என்னும் கேள்வியைப் பொருளாதார அறிஞர்கள் நூற்றைம்பது ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அக்கணக்கு எப்படி வளர்ந்தது என்பதை இன்று நாம் பார்ப்போம். நம் தோட்டத்துக் கூலியிலிருந்தே தொடங்கலாம்.

1920-களின் இறுதிக்குச் செல்வோம். மலாயாவில் இந்தியக் குடிநுழைவுக் குழு என்ற ஒரு குழு இருந்தது. இந்தியத் தொழிலாளிக்கு இவ்வளவு கூலி என்று நிர்ணயிக்கும் அதிகாரம் அதற்கு இருந்தது. எளிதில் சென்று சேரக்கூடிய தோட்டப் பகுதிகளில் அது நிர்ணயித்த நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ஒரே மலையில், ஒரே வெயிலில் நிற்கும் பெண்ணுக்கு ஏன் பத்துக் காசு குறைவு என்று கேட்பீர்கள். அன்று அதைக் கேட்டவர் மிகச் சிலரே.

அதே காலத்தில் இலங்கையில் 1927-ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. அதன்படி முதலில் அறிவிக்கப்பட்ட கூலி, தாழ்நிலத் தோட்டங்களில் ஆணுக்கு 50 சதம், மலைநாட்டில் 54 சதம். இங்கே ஐம்பது, அங்கேயும் ஐம்பது. அப்படியானால் இரண்டு கூலியும் ஒன்றுதானா?

இல்லை. அன்றைய மலாயா வெள்ளி ஒன்றுக்கு 28 ஆங்கிலேயப் பென்ஸ் மதிப்பு. 1906 முதல் அம்மதிப்பு மாறாமல் இருந்தது. இந்திய ரூபாய்க்கு 1927 முதல் 18 பென்ஸ். இலங்கை ரூபாயும் இந்திய ரூபாயோடு சமமாகவே நடந்தது. ஆகவே நம் ஒரு வெள்ளி ஏறக்குறைய ஒரு ரூபாய் ஒன்பது அணாவுக்குச் சமம். மலாயாவின் 50 காசு பன்னிரண்டரை அணாவை நெருங்கியது. இலங்கையின் 50 சதம் சரியாக எட்டணா. தமிழ்நாட்டு வயற்காட்டில் அக்காலத்தில் ஆணுக்குக் கிடைத்த கூலி பல இடங்களில் நாலைந்து அணா அளவே. இப்படிப் பார்த்தால் கப்பலேறி வந்தவர் ஊரிலிருந்தவரைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் பெற்றார். இலங்கைக்குப் போனவர் இடையில் நின்றார்.

கங்காணிமார் கிராமத்துக் கோயில் திண்ணையில் உட்கார்ந்து சொன்ன கணக்கும் இதுவே. அது பொய்க் கணக்கு என்று முழுவதும் தள்ளிவிட முடியாது. ஆனால் அது பாதிக் கணக்கு. பன்னிரண்டணா சம்பாதித்தவர் அதைத் துறையூர்ச் சந்தையில் செலவழிக்கவில்லை. மலாயாக் கடையில் செலவழித்தார். அந்தக் கடையில் அரிசி என்ன விலை, வேட்டி என்ன விலை, மிளகாய் என்ன விலை என்று பார்க்காமல் கணக்கு முடியாது. இலங்கையிலோ தோட்டமே குறித்த விலைக்கு அரிசியை அளந்து கொடுத்துக் கூலியில் பிடித்துக்கொள்ளும். அங்கே கூலி என்பது பாதி காசு, பாதி அரிசி. இதை எந்த நாணய மாற்றுப் பட்டியல் சொல்லும்?

இங்கே நம் பகாங் மாநிலத்துக்கு ஒரு சிறப்பிடம் உண்டு. அதே குழு பகாங்கின் உட்பகுதித் தோட்டங்களுக்கு மட்டும் வேறு கூலி நிர்ணயித்தது. ஆணுக்கு 58 காசு, பெண்ணுக்கு 46 காசு. பகாங்காரர் மீது தனி அன்பு எதுவும் இல்லை. உள்நாட்டுக்குச் சாமான் கொண்டுவரும் செலவு அதிகம். கடையில் விலை அதிகம். கடற்கரைப் பக்கம் 50 காசுக்கு வாங்கக்கூடியதைப் பகாங்கில் வாங்க 58 காசு வேண்டும் என்று குழு கருதியது. குழுவினர் அரிசி, மளிகை, துணி என்று ஒரு தொழிலாளியின் செலவுப் பட்டியலை வைத்துக்கொண்டு பார்த்தார்கள். பட்டியலில் என்ன சேர்க்கலாம், எதை விடலாம் என்பதில் தொழிலாளியின் பேச்சுக்கு இடமில்லை என்பது வேறு கதை. ஆயினும் முறையைக் கவனியுங்கள். காசை எண்ணாமல், காசு வாங்கும் பொருளை எண்ணினார்கள். பிற்காலத்தில் உலக நாடுகளை ஒப்பிட அறிஞர்கள் கைக்கொண்ட வழியும் இதே வழிதான்.

பிறகு 1930-இல் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. ரப்பர் விலை விழுந்தது. 50 காசு 40 ஆயிற்று. பெண்ணின் 40 காசு 32 ஆயிற்று. பல்லாயிரம் பேர் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பப்பட்டனர். அரிசி விலையும் இறங்கிவிட்டதே, கூலி குறைந்தால் என்ன என்று முதலாளிகள் தரப்பில் வாதம் எழுந்தது. செலவுப் பட்டியல் என்னும் அதே கருவி இம்முறை தொழிலாளிக்கு எதிராகத் திரும்பியது. 1936-ஆம் ஆண்டின் இறுதியில் இந்திய அரசு வி. எஸ். சீனிவாச சாஸ்திரியாரை மலாயாவுக்கு அனுப்பியது. அவர் தோட்டங்களைப் பார்வையிட்டு 1937-இல் அளித்த அறிக்கையில், பழைய 50 காசும் 40 காசும் மீண்டும் வழங்கப்பட வேண்டும் என்று கூறினார். அடுத்த ஆண்டே மறுபடியும் கூலியைக் குறைக்க முயற்சி நடந்தபோது, 1938 ஜூன் மாதத்தில், உதவி பெற்றுத் தொழிலாளர் மலாயாவுக்கு வருவதை இந்திய அரசு நிறுத்தியது. கங்காணி முறையும் அத்தோடு முடிந்தது.

ஒரு நாட்டின் தலைக்கு வருமானம் எவ்வளவு என்று கணக்கிடும் முயற்சி இதற்கெல்லாம் முன்பே தொடங்கிவிட்டது. இந்தியாவில் அதை முதலில் செய்தவர் தாதாபாய் நௌரோஜி. 1870-களில் அவர் ஒவ்வொரு மாகாணத்தின் விளைச்சலையும் கூட்டி, மக்கள் தொகையால் வகுத்துப் பார்த்தார். ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 20 ரூபாய் என்று விடை வந்தது. இது போதுமா, போதாதா என்று எப்படிச் சொல்வது? அதற்கு அவர் எடுத்துக்கொண்ட அளவுகோலைக் கேட்டால் நீங்கள் வியப்பீர்கள். சிறைக் கைதிகளுக்குக் கொடுக்கும் உணவு, மற்றும் கப்பலில் வெளிநாடு செல்லும் கூலிகளுக்காகக் கல்கத்தாவில் அரசாங்க மருத்துவர் வகுத்த உணவுப் பட்டியல். பயணத்தில் வேலை செய்யாமல் சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் உயிரோடு இருக்க எவ்வளவு அரிசி, எவ்வளவு பருப்பு, எவ்வளவு எண்ணெய் வேண்டும் என்பதே அப்பட்டியல். அடிப்படைத் தேவைக்கு ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 34 ரூபாய் வேண்டும் என்று அவர் கண்டார். நாடு விளைவிப்பதோ 20 ரூபாய். அதாவது சராசரி இந்தியருக்குக் கைதியின் சாப்பாடும் கிடைக்கவில்லை. நம் முன்னோர் கப்பலில் உண்ட சோறு ஒரு தேசத்தின் வறுமையை அளக்கும் படியாக இருந்தது என்பதை நம் பாடநூல்கள் எதிலும் நாங்கள் கண்டதில்லை.

ஆனாலும் ஒரு நாட்டுக்குள் கணக்கிடுவது ஒன்று. இரண்டு நாடுகளை ஒப்பிடுவது மற்றொன்று. நாணய மாற்று மதிப்பை வைத்து ஒப்பிட்டால் என்ன கோளாறு வரும் என்பதை நாமே கண்கூடாகப் பார்த்திருக்கிறோம். 1997-ஆம் ஆண்டின் நடுவில் ஓர் அமெரிக்க டாலருக்கு நம் பணம் ஏறத்தாழ இரண்டரை வெள்ளி. 1998 ஜனவரியில் அது 4 வெள்ளி 88 காசு வரை போனது. ஒருவர் மாதம் 500 வெள்ளி வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். முதற்கணக்கில் அவர் சம்பளம் 200 டாலர். ஆறு மாதம் கழித்து அதே சம்பளம் 102 டாலர். அவர் குடும்பம் பாதி வயிறு சாப்பிட்டதா? இல்லை. விலைவாசி ஏறியது உண்மை. 1998-இல் அது சுமார் ஐந்து விழுக்காடு. வேலை இழந்தவர்களும் உண்டு. ஆனால் ரிங்லெட் கடைத்தெருவில் எவருடைய கூடையும் சரிபாதி ஆகிவிடவில்லை. டாலர் கணக்கை மட்டும் பார்த்தவர் மலேசியா ஆறு மாதத்தில் பாதி ஏழையாகிவிட்டது என்றே எழுதியிருப்பார்.

எப்போதும் இப்படித்தான் நடக்கும் என்பதும் இல்லை. 2022-இல் இலங்கை ரூபாய் விழுந்தபோது விலைவாசியும் கூடவே பாய்ந்து ஏறியது. அதற்கு முந்தைய ஆண்டுதான் நெடுநாள் போராடி மலையகத் தோட்டத் தொழிலாளர் நாட்கூலியாக ஆயிரம் ரூபாய் பெற்றிருந்தார்கள். மாற்று மதிப்பில் ஐந்து டாலராக இருந்த அந்த ஆயிரம் சில மாதங்களில் மூன்று டாலருக்கும் கீழே வந்தது. கடையில் மாவு வாங்கப் போனவருக்கும் அது ஏறக்குறைய அதே அளவில்தான் சுருங்கியிருந்தது.

ஆகவே வேறு அளவுகோல் தேவைப்பட்டது. 1940-இல் காலின் கிளார்க் என்ற பொருளியலறிஞர் ஒரு புது அலகை வகுத்தார். அமெரிக்காவில் 1925 முதல் 1934 வரை ஒரு டாலர் சராசரியாக எவ்வளவு பொருளை வாங்கியதோ, அதுவே ஓர் அலகு. எந்த நாட்டு வருமானத்தையும் அந்தப் பொருளளவால் அளக்கலாம். 1968-இல் ஐக்கிய நாட்டு நிறுவனமும் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகமும் சேர்ந்து இதைப் பெரிய அளவில் செய்யத் தொடங்கின. அதற்கு அனைத்துலக ஒப்பீட்டுத் திட்டம் என்று பெயர். இர்விங் கிராவிஸ் அதற்குத் தலைமை தாங்கினார். ஒவ்வொரு நாட்டிலும் அரிசி முதல் வீட்டு வாடகை வரை நூற்றுக்கணக்கான பொருள்களின் விலையை நேரில் கேட்டு எழுதினார்கள். முதற்சுற்றில் பத்து நாடுகள். அவற்றுள் இந்தியா ஒன்று. இரண்டாம் சுற்றில் மலேசியா சேர்ந்தது. மூன்றாவதில் இலங்கை. நம் அம்மையார் சொன்ன மூன்று பக்கமும் ஒரே தராசில் ஏறியது அப்போதுதான்.

கிடைத்த விடை பலரையும் திகைக்க வைத்தது. 1970-இல் நாணய மாற்றுக் கணக்கில் ஓர் இந்தியரின் வருமானம் ஓர் அமெரிக்கரின் வருமானத்தில் நூற்றில் இரண்டு பங்கு. பொருள் வாங்கும் ஆற்றலை வைத்துப் பார்த்தால் நூற்றில் ஏழு பங்கு. ஏன் இந்த வேறுபாடு? முடி வெட்டுவதை எண்ணிப் பாருங்கள். தேயிலையும் ரப்பரும் கப்பலேறும். உலகெங்கும் அவற்றின் விலை ஏறக்குறைய ஒன்றுதான். முடி வெட்டுவது கப்பலேறாது. கூலி குறைந்த நாட்டில் நாவிதர், தையற்காரர், வண்டியோட்டி, பள்ளி ஆசிரியர் எல்லாருடைய உழைப்பும் மலிவு. மாற்று மதிப்பு இந்த மலிவைக் காணாது. ஏழை நாட்டை அது உள்ளதைவிட ஏழையாகக் காட்டும். நூற்றில் ஏழு என்பதும் வறுமைதான் என்பதை மறக்க வேண்டாம்.

இந்த அளவுகோலைக் கொண்டு பழங்காலத்துக்கும் பின்னோக்கிச் சென்றவர் ஆங்கஸ் மேடிசன். நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவர் 2010-இல் மறைந்தார். எல்லா ஆண்டுகளையும் 1990-ஆம் ஆண்டு டாலரின் வாங்கும் ஆற்றலுக்கு மாற்றி அவர் எழுதிய பட்டியலில் நம் மூன்று நாடுகளும் உள்ளன. 1913-இல் தலைக்கு வருமானம் இந்தியாவில் சுமார் 670, மலாயாவில் 900, இலங்கையில் 1,230. ஆம், அன்று இலங்கையே முன்னால் நின்றது. 1950-இல் இந்தியா 620 என்று சற்று இறங்கியிருந்தது. இலங்கை 1,250 என்று அசையாமல் நின்றது. மலாயா 1,560-க்கு ஏறியிருந்தது. 1973-இல் மூன்றும் முறையே 850, 1,500, 2,560. 1998-இல் 1,750, 3,350, 7,100. மலாயாவுக்கும் இந்தியாவுக்கும் உள்ள இடைவெளி 1950-இல் இரண்டரை மடங்கு. 1998-இல் நான்கு மடங்கு. அதன் பிறகு இந்தியா வேகமாக வளர்ந்ததால் இடைவெளி மேலும் விரியவில்லை.

உலக முழுமைக்கும் மேடிசன் கண்டது இதுதான்: 1820-இல் உலகின் மிகச் செல்வமான பகுதிக்கும் மிக ஏழைப் பகுதிக்கும் இடையே மூன்று மடங்குக்குக் குறைந்த வேறுபாடே இருந்தது. 1998-இல் அது 19 மடங்கு. நம் கொள்ளுப்பாட்டன்மார் கப்பலேறிய நூற்றாண்டு, நாடுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிக்கொண்டே போன நூற்றாண்டு.

அப்படியானால் அம்மையாருக்கு விடை கிடைத்துவிட்டது, மலாயாவுக்கு வந்ததே நல்லது என்று சொல்லிவிடலாமா? நாங்கள் அப்படிச் சொல்லத் தயங்கினோம். காரணம் உண்டு. மேடிசனின் எண் நாட்டின் உற்பத்தியை மக்கள் தொகையால் வகுத்த எண். தோட்டத்தில் விளைந்த ரப்பரும் தேயிலையும் மலாயாவின் உற்பத்தியில் சேர்ந்தன. அதன் இலாபம் பங்கு ஈவாக லண்டனுக்குப் போனபோதும் உற்பத்திக் கணக்கில் ஒரு காசும் குறையவில்லை. 1913-இல் இலங்கை முன்னால் நின்றதற்கும் தேயிலைதான் பெரும் காரணம். ஆனால் அந்த 1,230-இல் லயத்துக் குடும்பத்தின் பங்கு எவ்வளவு என்பதை அந்த எண் வாய் திறந்து சொல்லாது.

சராசரி என்பது அப்படிப்பட்டது. மற்றோர் எடுத்துக்காட்டு. 1970-இல் தீபகற்ப மலேசியாவில் குடும்பங்களின் சராசரி மாத வருமானம் மலாய்க்காரருக்கு 172 வெள்ளி, இந்தியருக்கு 304 வெள்ளி, சீனருக்கு 394 வெள்ளி. இந்தியர் நடுவில் நிற்கிறார்கள், பரவாயில்லை என்று பலர் எண்ணினர். அந்த 304-க்குள் கோலாலம்பூர் வழக்கறிஞரும் இருந்தார், மருத்துவரும் இருந்தார், பால்மரம் வெட்டியவரும் கொழுந்து பறித்தவரும் இருந்தனர். எல்லாரையும் ஒரே கூடையில் போட்டு எடை பார்த்ததால் தோட்டத்துக் குடும்பம் அந்த எண்ணுக்குள் மறைந்துபோனது. திட்டங்கள் தீட்டும்போது மறைந்தவரைத் தேடி யார் வருவார்? இந்த ஒரு சராசரி நம் மக்களுக்குச் செய்த தீங்கு சிறிதல்ல என்பது எங்கள் எண்ணம்.

சராசரிக்குள் மறைந்திருப்பதைக் காட்ட ஓர் எண் உண்டு. இத்தாலியர் கொர்ராடோ ஜினி 1912-இல் வகுத்தது. எல்லாருக்கும் சம வருமானம் என்றால் சுழி; எல்லாமே ஒருவருக்கு என்றால் ஒன்று. மலேசியக் குடும்பங்களுக்கு அது 1970-இல் 0.513 ஆக இருந்தது, 2022-இல் 0.404 ஆகக் குறைந்தது.

இதே எண்ணை உலகுக்கும் கணக்கிடலாம். அதில் ஒரு சிக்கல். நாட்டுக்கு ஒரு தலை என்று எண்ணுவதா, ஆளுக்கு ஒரு தலை என்று எண்ணுவதா? முதல் முறையில் புருணையும் இந்தியாவும் ஒன்றுக்கொன்று சமம். இரண்டாம் முறையில் இந்தியா ஓர் யானை. 1980-க்குப் பின் இருபதாண்டுக் காலம், முதல் முறையில் பார்த்தவர்கள் உலக ஏற்றத்தாழ்வு கூடியது என்றார்கள். ஆப்பிரிக்காவின் பல சிறு நாடுகள் பின்தங்கியிருந்தன. இரண்டாம் முறையில் பார்த்தவர்கள் குறைந்தது என்றார்கள். சீனாவும் பிறகு இந்தியாவும் வளர்ந்தன, அங்கே கோடி கோடி மக்கள். இரண்டு கூட்டத்தாரும் பொய் சொல்லவில்லை. பிராங்கோ மிலானோவிச் இந்த வேறுபாட்டைத் தெளிவாகப் பிரித்துக் காட்டி, வீட்டுக்கு வீடு எடுத்த கணக்கெடுப்புகளைச் சேர்த்து, உலக மக்கள் அனைவரையும் ஒரே வரிசையில் நிறுத்திப் பார்த்தார்.

தராசும் அடிக்கடி திருத்தப்படுகிறது. 2005-ஆம் ஆண்டுக்கான விலைகள் புதிதாகத் திரட்டப்பட்டு 2007 டிசம்பரில் முடிவு வெளியானபோது, சீனா, இந்தியா ஆகியவற்றின் பொருளாதார அளவு முன்பு சொன்னதைவிட ஏறக்குறைய நாற்பது விழுக்காடு குறைந்தது. ஒரே இரவில் எவர் வீட்டு அடுப்பும் அணைந்துவிடவில்லை. விலைப்பட்டியல் மாறியது, அவ்வளவே.

இதையெல்லாம் நாங்கள் அந்த அம்மையாரிடம் எளிமைப்படுத்திச் சொன்னோம். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "அப்ப என் அப்பா மாசாமாசம் ஊருக்கு மணியார்டர் அனுப்புனாரே, அது எந்தப் பக்கத்துக் கணக்குல வரும்?" என்றார்.

எங்களுக்கு உடனே விடை வரவில்லை. அவர் தந்தை இங்கே சாப்பிட்ட பணத்துக்கு இங்குள்ள விலை. ஊருக்கு அனுப்பிய பணத்துக்கு நாணய மாற்று மதிப்பும் துறையூர்ச் சந்தை விலையும். அதே வெள்ளி இரண்டு விலையில் செலவானது. ஊரில் பணம் மலிவாகப் பொருள் வாங்கியதால்தான் வயிற்றைக் கட்டி அனுப்பினார்கள். நாட்டுக்கு நாடு பிரித்து எழுதும் பட்டியலில் அவர் மலாயாவின் கட்டத்தில் ஒரு தலை. அவர் பணத்தால் எழுந்த ஓட்டு வீடு இந்தியாவின் கட்டத்தில்.

இன்று கேமரன் மலையில் கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் வங்காள தேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். 2025 முதல் நம் நாட்டில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. சம்பள நாளில் அவர்கள் ரிங்லெட்டில் பணம் அனுப்பும் கடை முன்னால் வரிசையில் நிற்கிறார்கள். கைப்பேசியில் அன்றைய தாக்கா மதிப்பைப் பார்க்கிறார்கள். பிறகு கடைப் பலகையில் பார்க்கிறார்கள். மறுபடியும் கைப்பேசியைப் பார்த்து, இம்மாதம் சாப்பாட்டுக்கு எவ்வளவு நிறுத்திக்கொள்வது என்று விரல் மடக்கி எண்ணுகிறார்கள்.